நோய்ச் சீட்டு

ஜூன் மாதத்திலிருந்து கருங்குழிப் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் காய்ச்சல் வருவதில்லை.

இன்சூரன்ஸ் கட்டணம் எகிறிவிட்டதென்று தாளாளர் லக்ஷ்மிநாராயணன் புதுத் திட்டம் கொண்டுவந்தார். ஆளுக்கொரு மருத்துவச் சேமிப்புக் கணக்கு. மாதம் ஐந்நூறு ரூபாய் பள்ளி போடும். வைத்தியச் செலவில் முதல் பதினைந்தாயிரம் அவரவர் பாடு, அதற்கு மேலே போனால்தான் இன்சூரன்ஸ் தரும். செலவழிக்காத பணம் அடுத்த வருஷமும் உங்களுடையதே என்றும் சொல்லிவைத்தார். அதோடு சரி. தமிழ் டீச்சர் இருமல் வந்தால் கேட்டுக்கு வெளியே போய் இருமிவிட்டு வந்தார். வாட்ச்மேன் திருவேங்கடம் சொத்தைப் பல்லில் கிராம்பை அடக்கிக்கொண்டு, கணக்கில் சல்லிக்காசு குறையாமல் காவல் காத்தார்.

வேன் ஆயா ஜாக்குலினுக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. பித்தப்பையில் கல். நாற்று நட்டு, கல் சுமந்து வளர்ந்த உடம்பு, வயிற்றுக்குள்ளேயும் கல் சுமக்கச் சொன்னால் கேட்குமா? ஆபரேஷனுக்கு அறுபதாயிரம். தன் பங்கான பதினைந்தாயிரத்தில், கணக்கில் சேர்ந்த மூவாயிரம் போக இன்னும் பன்னிரண்டாயிரம் குறைந்தது. வெளியே சொல்லவும் முடியாது. நோயாளி ஆயாவை யார் வேனில் ஏற்றுவார்கள்?

அதனால்தான் அவள் நோய்ச் சீட்டு ஆரம்பித்தாள். பன்னிரண்டு பேர், ஆளுக்கு மாதம் ஆயிரம். எடுப்பவர் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். முதல் சீட்டு நடத்துகிறவருக்கு. அது எந்த ஊர்ச் சீட்டிலும் உள்ள வழக்கம்.

மாமல்லபுரம் டூரில் பிள்ளைகளும் டீச்சர்களும் பாறைக் கோயில் பார்க்கப் போனதும், சீட்டில் சேர்ந்த மற்றவர்கள் வேன் நிழலில் கூடினார்கள். பணத்தை அவள் வாங்கி அடுக்கும்போது திருவேங்கடம் கை நீட்டித் தடுத்தார்.

"இன்னா ஜாக்கு, பேரு நோய்ச் சீட்டு. உனுக்கு இன்னா நோய் கீது?"

வழக்கம் என்றாள். பாத்திரச் சீட்டுக்குத்தான் அந்த வழக்கம், இதற்கு நோயைக் காட்ட வேண்டும் என்றார் அவர். உடனே ஆளாளுக்கு முட்டியும் மூலமும் சர்க்கரையும் வெளியே வந்தன. ஆறு மாதமாக அடக்கிவைத்த நோயெல்லாம் அந்த நிழலில் வரிசை கட்டி நின்றது. டிரைவர் கிருபாகரன் தன் குடலிறக்கத்தைக் காட்டவே எழுந்துவிட்டான், பிடித்து உட்காரவைத்தார்கள்.

பணம் கைநழுவுகிறது என்று தெரிந்தது ஜாக்குலினுக்கு. மதியச் சோற்றுப் பைக்கு அடியிலிருந்து ஸ்கேன் கவரை உருவித் தரையில் போட்டாள்.

"பாத்துக்குங்க. மேல போய்ச் சொல்லி என் வேலையத் தின்றதுன்னா தின்னுங்க."

திருவேங்கடம் படத்தைத் தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். புளியங்கொட்டை சைஸில் மூன்று.

"இத்த வச்சிகினா புள்ளைங்கள தூக்கி எறக்கிகினு இருந்த?" என்றார். மற்ற நோய்களெல்லாம் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட்டன.

ஆபரேஷனை அரையாண்டு லீவில் பண்ணிக்கொள்ளச் சொன்னான் கிருபாகரன். தாளாளர் மேஜைக்கு இன்சூரன்ஸ் காகிதம் போய்ச் சேருவதற்குள் கல் வெளியே வந்துவிடும், கல் இல்லாத ஆயாவை எதற்கு நிறுத்துவார் என்பது அவன் கணக்கு. திருவேங்கடமே பணத்தை எடுத்து அவள் கையில் திணித்தார்.

"ரெண்டாவது சீட்டு எனுக்கு."

"உனுக்கு இன்னா நோய் அண்ணாத்த?"

"முழுசா ஒரு மாசம் கீதே," என்று கிராம்பைக் கன்னம் மாற்றினார் அவர். "வராமயா பூடும்?"

ஜாக்குலினுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கல் குத்தும். ஆனாலும் சிரித்தாள்.