பத்தாம் இடம் ஆர்விட்டுக்கு

வெர்னன் ஸ்டாக்டனுக்குக் கிண்டலாக எழுத வரும். அது ஒன்றுதான் அவருக்கு வரும் என்று அவர் மனைவி சொல்வாள், அது வேறு கதை. அமெரிக்காவின் வடக்கே ஹான்காக் ஊரில் பத்துப் பேர் சேர்ந்து பத்தொன்பது வருடமாக ஒரு ஃபேண்டஸி பேஸ்பால் லீக் நடத்துகிறார்கள். ஆளுக்கு ஓர் அணி, எல்லாம் காகிதத்தில்தான். மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை கூடி உட்கார்ந்து, நிஜ ஆட்டக்காரர்களை முறை வைத்துப் பேர் சொல்லி எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் எடுத்த ஆளை இன்னொருவர் தொட முடியாது. அதன் பிறகு அந்த ஆட்டக்காரன் நன்றாக ஆடினால் இவருக்குப் புள்ளி, அவனுக்குக் கால் சுளுக்கினால் இவருக்கு வயிற்றெரிச்சல்.

சீசன் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு மதியம் தரவரிசை வாசிப்பு. பத்து அணிகளையும் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றைப் பற்றியும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வரி எழுதி, எல்லார் முன்னாலும் வாசிப்பது வெர்னனின் வேலை. வருடா வருடம் ஒரே மூச்சில் எழுதிவிடுவார். இந்த வருடம் நாலு தாளைக் கிழித்துப் போட்டார். ஒன்பது இடங்களில் சிக்கல் இல்லை. பத்தாம் இடத்தில் ஆர்விட் கோஸ்கெலாவின் பேரை எழுதும்போதுதான் கை நின்று நின்று போனது.

ஆர்விட் மாவட்ட நிர்வாகத்தின் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர். ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வு நாளுக்கு முந்தின மாலை, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வெர்னன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு ஒரு தாளை நீட்டினார்.

"நாளைக்குப் பனி கொட்டப்போகுது. நான் வண்டிய விட்டு எறங்க முடியாது. எனக்குப் பதிலா நீ எடுத்துடு. வரிசையா எழுதியிருக்கேன். ஏதாச்சும் மாறியிருந்தா நீயே பாத்துச் செய். உனக்குத் தெரியாததா?"

வர முடியாதவர் இன்னொருவரைத் தன் சார்பாக எடுக்கச் சொல்வது லீக்கில் உள்ள வழக்கம்தான். ஆர்விட் வேறு யாரையும் கேட்டதே இல்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வெர்னன் காப்பிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு ஃபோனைப் பார்த்தார். இரண்டே வரிச் செய்தி. பந்து எறிகிற பிட்சர்களில் முதல் வரிசை ஆளான ஹோல்கம்முக்கு முழங்கை நரம்பு அறுந்துவிட்டது, அறுவை சிகிச்சை, இந்த வருடம் ஆட முடியாது. வெர்னன் ஆர்விட்டின் தாளை எடுத்துப் பார்த்தார். இரண்டாவது பேர் ஹோல்கம். மூன்றாவது பேர் விலார்டே. விலார்டேயின் மேல் வெர்னனுக்கே நான்கு மாதமாகக் கண். இரண்டாவது சுற்றில் ஆர்விட்டின் முறைக்கு அடுத்தது வெர்னனின் முறை.

ஒன்பது மணிக்கு ரிக்கோ பெல்லெக்ரினியின் கராஜில் கூடினார்கள். எல்லாரும் விடியற்காலையிலிருந்து வாசலில் பனியை வாரிவிட்டு வந்தவர்கள், ஒருத்தரும் செய்தி பார்க்கவில்லை. இரண்டாவது சுற்று வந்தது. வெர்னன் தாளைப் பார்த்து, தெளிவான குரலில், "ஆர்விட்டுக்கு ஹோல்கம்" என்றார். மூச்சு விட்டுவிட்டு, "எனக்கு விலார்டே" என்றார்.

எழுதிக் கொடுத்ததைத்தானே எடுத்தேன், மாற்றி எடுத்திருந்தால் அல்லவா தப்பு என்று அன்று முழுக்கத் தனக்குத் தானே வக்கீலாக வாதாடிக்கொண்டார். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. சாயங்காலம் ஊருக்கே செய்தி தெரிந்தபோது ரிக்கோ கூப்பிட்டுக் கேட்டார்.

"ஏம்ப்பா, ஹோல்கம் விஷயம் உனக்குத் தெரியாதா?"

"மத்தியானத்துக்கு மேலதானேப்பா செய்தியே வந்துச்சு" என்றார் வெர்னன். தப்பு ஒரு பொய்யைக் குட்டி போட்டது.

இப்போது வரிசை எழுத வேண்டும். ஆர்விட்டுக்கு இரக்கப்பட்டு ஏழாம் இடம் கொடுத்தால், என்ன திடீர்க் கரிசனம் என்று கேட்பார்கள். நல்ல பிட்சரே இல்லாத அணி நியாயப்படி பத்தாம் இடம்தான். விலார்டேயை வைத்திருக்கிற வெர்னனின் அணி நியாயப்படி முதல் இடம். திருடிய பொருளைத் திருடனே சரியாக எடை போட்டுக் காட்டுவது போலத்தான் இருந்தது அந்த நியாயம். கடைசியில் எழுதிவிட்டார்.

வாசிப்பு எப்போதும் ஆர்விட் வீட்டில்தான் நடக்கும், அங்கேதான் நல்ல சவுனா, நீராவிக் குளியல் அறை, இருக்கிறது. உள்ளே நுழைந்ததுமே ஆர்விட்டின் மனைவி சில்வியா வெர்னனின் தட்டில் மட்டும் இரண்டு பேஸ்டி வைத்தாள். இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்துச் சுட்டது, ஒன்றே வயிறு நிறைக்கும்.

"ஒங்க அணியையும் பாத்துக்கிட்டு இவருக்கும் சேத்து நாள் முழுக்க ஒக்காந்து எடுத்துக் குடுத்தீங்களாமே. யாரு செய்வா இந்தக் காலத்துல? சாப்பிடுங்க."

வெர்னன் சாப்பிட்டார். இரண்டையும், சில்வியாவின் முகத்தைப் பார்க்காமலே.

பிறகு எழுந்து வாசித்தார். முதல் இடம், தன் அணி. "வாசிக்கிறவனே மொதல் ஆளாம்!" என்று ரிக்கோ சத்தம் போட்டார். ஒன்பதாம் இடம் வரை சிரிப்பு குறையவில்லை. வெர்னன் தாளை விட்டுத் தலையைத் தூக்காமல் படித்தார்:

"பத்தாம் இடம், ஆர்விட் கோஸ்கெலா. இவருடைய முதல் பிட்சர் இந்த வருடம் எறியப்போவது ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை மட்டும்தான். தெருவில் பனியைத் தள்ளித் தள்ளி, அன்றன்றைய செய்தியையும் சேர்த்தே தள்ளிவிட்டார் போலிருக்கிறது."

வீடே அதிர்ந்தது. ஆர்விட்டும் தொடையைத் தட்டிச் சிரித்தார். சிரிப்பு அடங்கும்போது ரிக்கோ விரலை நீட்டினார்.

"இரு, இரு. அவனுக்காக எடுத்தது நீதானே! சமைச்சது உன் கை, கருகினா மட்டும் அவன் தலையா?"

வெர்னன் வாயைத் திறந்தார். என்ன சொல்லப்போகிறார் என்று அவருக்கே தெரியாது. அதற்குள் ஆர்விட் குறுக்கே புகுந்தார்.

"அவன ஏம்ப்பா இழுக்கிற? லிஸ்ட் என்னோடது. எழுதிக் குடுத்த பேர எடுத்தான். செய்தி அப்புறம் வந்தா அவன் என்ன பண்ணுவான், ஜோசியக்காரனா?"

எல்லாரும் வெர்னனைப் பார்த்தார்கள். சொல்லிவிட அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. வெர்னன் ஆமாம் என்று தலையை ஆட்டினார். ஐம்பத்தாறு வயதில் அவர் செய்த காரியங்களிலேயே கேவலமானது அந்தத் தலையாட்டல்தான், ஹோல்கம்மை எடுத்தது அதற்கு அடுத்துதான்.

பத்தாம் இடத்துக்காரருக்கு லீக்கில் ஓர் உரிமை உண்டு. வரிசை எழுதியவரைச் சவுனாவின் மேல் பலகையில் ஏற்றி உட்கார வைத்து, சூட்டுக் கல்லின் மேல் தன் ஆத்திரம் தீருமட்டும் தண்ணீர் ஊற்றலாம். அவர் போதும் என்று சொல்லும்வரை மேலே இருக்கிறவர் இறங்கக் கூடாது. போன வருடம் கடைசி இடம் வாங்கிய ரிக்கோ பதினோரு கரண்டி ஊற்றினார். வெர்னன் வெளியே ஓடிப் பனியில் குப்புற விழுந்தார்.

இந்த வருடம் வெர்னன் கூப்பிடாமலே போய் மேல் பலகையில் ஏறி உட்கார்ந்தார். தோல் உரிகிற வரை ஊற்றட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டார். ஆர்விட் கதவைச் சாத்திவிட்டு ஒரு கரண்டி ஊற்றினார். ஆவி எழுந்து அடங்கியது. கொஞ்ச நேரம் கழித்து இன்னும் அரைக் கரண்டி. பிறகு கீழ்ப் பலகையில் உட்கார்ந்துகொண்டார்.

"இன்னும் ஊத்து" என்றார் வெர்னன்.

"வேணாம். உனக்கு பிரஷர் இருக்கு."

"ஆர்விட், அந்த ஹோல்கம் விஷயம்..."

"அன்னிக்குக் காலைல ஆறரைக்கு ரேடியோவுல சொன்னாங்க. பாலத்துக்கிட்ட பனி தள்ளிக்கிட்டிருந்தேன்." எத்தனை அங்குலம் பனி விழுந்தது என்று சொல்கிற அதே குரல். "உன்னக் கூப்பிடலாம்னு ஃபோன எடுத்தேன். அப்புறம் வெச்சுட்டேன்."

"ஏன்?"

"வெர்னன் இருக்கான்ல, அவன் பாத்துக்குவான்னு."

வெர்னனுக்கு அந்தச் சூட்டிலும் உடம்பு கூசியது. உடம்பில் ஒரு துண்டுதான் இருந்தது, அதைக் கொண்டு முகத்தை மூடிக்கொள்ளலாம் போல இருந்தது.

"நான் ஆறு மணிக்கே பாத்துட்டேன். பாத்துட்டுத்தான் எடுத்தேன். விலார்டே எனக்கு வேணும்னு."

"தெரியும். செய்தி பாக்காம நீ காப்பி குடிக்க மாட்ட. உன்ன எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏம்ப்பா அங்க என்னக் காப்பாத்தின?"

ஆர்விட் முகத்து வேர்வையை வழித்துவிட்டார். "சில்வியா கேட்டுக்கிட்டிருந்தா. அவ உன்ன ரொம்ப ஒசத்தியா நெனச்சுக்கிட்டிருக்கா. பாவம், அது அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

"இப்பவே போய் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். விலார்டேய நீ எடுத்துக்க."

"சொல்றதும் சொல்லாததும் உன் பாடு. விலார்டே எனக்கு வேணாம்." ஆர்விட் எழுந்து கரண்டியை வாளியில் போட்டார். "அடுத்த வருஷமும் அன்னிக்குப் பனி பேஞ்சா, லிஸ்ட்ட ரிக்கோகிட்ட குடுத்துக்கறேன். போதும், நீ எறங்கலாம்."

கதவு மூடிக்கொண்டது. வெர்னன் இறங்கவில்லை. ரிக்கோ தன் முறை வந்ததையே மறந்து கொட்டாவி விடுகிற ஆள். போன வருடம் தேர்வு நாளுக்குத் தன் சொந்த லிஸ்ட்டையே வீட்டில் விட்டுவிட்டு வந்தவர். ஆர்விட்டுக்கு இனிமேல் அவர் போதும்.