மில்லிங்காரர் சாய்ந்த மேசை

"நான் ஒரு நாள் போகலைன்னா அந்த மெஷின் ஓடாது" என்பது, பட்டறையில் இரும்பைச் செதுக்கும் மில்லிங் மெஷினை ஓட்டும் மில்லிங்காரர் கல்யாணமான புதிதிலிருந்து சொல்லிவரும் சாக்கு. அதைச் சொல்லியே இருபத்திரண்டு வருடமாக மனைவிக்குக் கடலைக் காட்டாமல் டிமிக்கி கொடுத்துவிட்டார். இந்த முறை அவள் அவரிடம் கேட்கவே இல்லை. வெள்ளிக்கிழமை நாலு மணி ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டு வந்து, "வந்தா ரெண்டு பேர். வரலைன்னா எனக்குக் கால் நீட்டிக்க இடம்" என்றாள். குரலில் துளிக் கோபம் இல்லை. அவர் டிக்கெட்டை வாங்கி இரண்டு தடவை தேதி பார்த்தார்.

நல்லவேளையாக, பட்டறை முதலாளியான அவருடைய அக்கா அந்தக் கிழட்டு மெஷினுக்குக் கம்ப்யூட்டர் வைக்க முடிவெடுத்திருந்தாள். வேலையைச் செய்தவள் அக்காவின் மருமகள். கைச்சக்கரங்களைக் கழற்றி மோட்டார் மாட்டினாள்; ஒயர் இழுத்தாள்; பக்கத்தில் ஒரு திரையை நிறுத்தினாள். இரும்பை வைத்து வெட்டும் மேசையை முன்னும் பின்னும் நகர்த்தும் திருகு மட்டும் தேய்ந்துபோய் அரை மில்லிமீட்டர் ஆட்டம் கண்டிருந்தது. புதுத் திருகு வர ஒன்றரை மாதம் ஆகுமாம்.

"பரவாயில்ல மாமா. எவ்வளவு ஆட்டம்னு கம்ப்யூட்டர்கிட்ட சொல்லிட்டா அதுவே சரிக்கட்டிக்கும்" என்றாள் மருமகள்.

அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "நீ பக்கத்துல இல்லாம பத்து பம்பு மூடி ஒழுங்கா வரட்டும்டா தம்பி. அப்புறம் கடலுக்குப் போ, கப்பல்கூட ஏறு."

வெள்ளிக்கிழமை காலை அவர் நல்ல பிள்ளையாக வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். முதல் மூடி வந்தது. காடிப் பள்ளம் அரை மில்லிமீட்டர் தள்ளி வெட்டியிருந்தது. இரண்டாவதும் அப்படியே. பதறிப்போய் உள்ளே வந்து, வழக்கம்போல மேசையில் சாய்ந்துகொண்டு மூன்றாவதைப் பார்த்தார். அது அச்சு அசலாக வந்தது. அப்பாடா என்று வெளியே போனார். நாலாவது பாழ்.

மருமகள் மண்டையைப் பிய்த்துக்கொண்டாள். ஒயரை மாற்றினாள், எர்த்தை மாற்றினாள். மதியத்துக்குள் ஒன்பது மூடி குப்பைக்குப் போயிற்று. அவர் உள்ளே நின்றால் சரி, வெளியே போனால் தப்பு.

"பாத்தியா, அதுக்கு உன்மேல அவ்வளவு பாசம்" என்றாள் அக்கா.

அவருக்கு உச்சி குளிர்ந்தது. இத்தனை வருடம் அவரே நம்பாமல் சொல்லிவந்த பொய் கடைசியில் உண்மையாகிவிட்டது. மறு நிமிடமே பகீரென்றது. வேறு எந்த நாளிலாவது ஆகித் தொலைத்திருக்கக் கூடாதா? கடிகாரத்தில் மணி இரண்டு.

அந்த நேரம் பார்த்து மனைவி பெட்டியோடு வந்து நின்றாள். விஷயத்தைக் கேட்டாள். மெஷினைப் பார்க்கவில்லை, அவர் சட்டையைப் பார்த்தாள். தொப்பைக்குக் குறுக்கே கோடு கிழித்தாற்போல் ஒரு கிரீஸ் கறை.

"இந்தக் கறையை இருபத்திரண்டு வருஷமாத் தோய்க்கிறேன். ஒரு சட்டையிலகூட இடம் மாறினதில்ல. எங்க சாயுவீங்க? காட்டுங்க."

அவர் காட்டினார். தொப்பை மேசை விளிம்பில் கச்சிதமாகப் பொருந்தியது.

மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ மாமா! வெட்டும்போது கத்தி மேசையை இழுக்குது. திருகு ஆடுறதால அதுவும் கூடவே போயிடுது. நீங்கதான் இவ்வளவு நாளா அதைப் பின்னால தள்ளிப் பிடிச்சிருக்கீங்க!"

"நானா? நான் சும்மாதானே நின்னேன்!"

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. மெஷினுக்குப் பின்னால் ஒரு கப்பி கட்டி, கம்பியின் ஒரு முனையை மேசையில் மாட்டி, மறுமுனையில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டார்கள். அவரை மேசையில் சாயச் சொல்லி, வில்தராசு வைத்துத் தொப்பை எவ்வளவு தள்ளுகிறது என்று பார்த்து, அதே எடைக்குச் சாக்கில் இரும்புத் துண்டுகளைப் போட்டாள் மருமகள். அவரை வாசலுக்கு விரட்டினார்கள். பத்து மூடி. பத்தும் பத்தரைமாற்றுத் தங்கம்.

"கிளம்புடா" என்றாள் அக்கா. மணி மூன்றேகால்.

கிளம்ப வேண்டியவர் சாக்கைச் சுற்றிச் சுற்றி வந்தார். தட்டிப் பார்த்தார். "கொஞ்சம் எடை கம்மியோ? இன்னும் ரெண்டு துண்டு போட்டுட்டு, சாயங்காலம் வரைக்கும் இருந்து பாத்துட்டு…" ஒரு சாக்கு மூட்டை தன் இடத்தில் தொங்குவதைப் பார்க்க அவமானமாக இருந்தது. அழுகைகூட வரும்போல இருந்தது.

மனைவி பெட்டியோடு அவர் அருகில் வந்தாள். பிறகு மெதுவாகத்தான் கேட்டாள்:

"நான் இல்லைன்னா வீடு ஓடாதுன்னு நான் ஒரு நாளாவது சொல்லியிருக்கேனா?"

அக்காவும் மருமகளும் திரையில் எதையோ தீவிரமாகப் படிப்பதுபோல் குனிந்துகொண்டார்கள்.

மில்லிங்காரர் சாக்கிலிருந்து கையை எடுத்தார். அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கினார். கனமாகத்தான் இருந்தது.