லீவ் என்ற சொல்லும் பாப்பம்மாளின் இரண்டு சாவுகளும்

1

ஸ்ரீபெரும்புதூர், 1991 என்றதும் உங்களுக்கு ஒரு சாவு ஞாபகம் வரும். இது அது இல்லை. இது பக்கத்துக் கிராமமான வல்லம் வடகாலில் நடந்தது, பேப்பரில் வரவில்லை.

நான் கதை எழுத உட்காரவில்லை. 'லீவ்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றி ஒரு கட்டுரை எழுதத்தான் அகராதியைப் பிரித்தேன். உண்மையில் அவை இரண்டு சொற்கள், ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. ஒன்றுக்கு அனுமதி, விடுப்பு என்று பொருள். அன்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதுவும் ஒரே வேரில் பிறந்தவையாம். மற்றதற்கு விட்டுப் போவது என்று பொருள். அதன் பழைய பொருளோ மிச்சம் வைப்பது. இந்த இடத்தில் கட்டுரை நின்றுவிட்டது. கன்னியப்பன் வந்துவிட்டான்.

2

முதல் தொடக்கம்: 'ஒரகடம் சாலையில் புழுதி பறந்த ஒரு காலை...' [வேண்டாம். எல்லாக் கதையிலும் பறக்கிறது.]

இரண்டாவது: நான் மெர்சி. ஒரகடம் பக்கம் இரும்பு வார்க்கும் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்ட், தற்காலிகம். கன்னியப்பன் லைனில் வேலை பார்த்தான், அவனும் தற்காலிகம். லீவ் லெட்டர் ஆங்கிலத்தில் இல்லாவிட்டால் மேனேஜர் நரசிம்மன் தொடமாட்டார். அதனால் எல்லோருக்கும் நான்தான் அடித்துக் கொடுப்பேன். கல்யாணம், காய்ச்சல், வல்லக்கோட்டை முருகன், எதற்கும் லீவ் கிடையாது. சாவுக்கு மட்டும் உண்டு. ஆகவே எங்கள் கம்பெனியில் பெரியப்பாக்களும் சித்திகளும் மாதம் தவறாமல் செத்தார்கள். [என் முதல் கதைகள் அவைதான்.]

மார்ச்சில் கன்னியப்பனின் அம்மா பாப்பம்மாளுக்குக் கண் ஆபரேஷன். அண்ணன் அப்போது வெளியூர் வேலையில்; கூட இருக்க வேறு ஆள் இல்லை.

"யக்கா, அத்தைய சாவடிச்சிடு," என்றான்.

அத்தைக்கு ஒரு நாள்தான், அம்மாவுக்கு மூன்று நாள் என்றேன். யோசனை என்னுடையது. அவன் முகம் சுருங்கிவிட்டது. மறுநாள் சிரித்துக்கொண்டே வந்தான்.

"அம்மாவே சொல்லிடிச்சிக்கா. 'கண்ணு தெரியும்னா ஒரு தபா செத்தா இன்னா, எய்தச் சொல்லு'ன்னிச்சி."

உருக்கமாக அடித்தேன். படித்துவிட்டு நரசிம்மனே எழுந்து வந்து அவன் தோளைத் தொட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

3

அக்டோபரில் பாப்பம்மாள் நிஜமாகவே செத்துப்போனாள்.

காலை பத்து மணிக்கு அவன் அண்ணன் அப்பாவு சைக்கிளில் வந்து கேட்டில் சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்குக் கடைசி மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும், கன்னியப்பன்தான் கடைசி. மழை கட்டி நின்றதால் மூன்று மணிக்கே எடுப்பதாகப் பேச்சு. ஷிப்ட் முடிவது நாலு மணிக்கு. நானூற்றெண்பது நாள் முடித்தால் பெர்மனென்ட். அவனுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது; லீவ் வாங்காமல் போனால் பெயரை அடித்துவிடுவார்கள்.

நரசிம்மன் பைலைப் புரட்டினார். "உங்கம்மா மார்ச்லயே போய்ட்டாங்களேப்பா. நான்தான கையெழுத்து போட்டேன்?"

"சார், இப்பத்தான் சார்... அண்ணன் வந்து சொல்லிட்டுப் போச்சு."

"ஒருத்தனுக்கு எத்தினி அம்மாய்யா?"

[அனுமதிக்கும் அன்புக்கும் ஒரே வேர் என்பதை இங்கே நுழைக்கலாம் என்றிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.]

கன்னியப்பன் திரும்பி என்னைப் பார்த்தான். என் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் எனக்கும் வேலை போய்விடும் என்று அவனுக்குத் தெரியும்.

4

முடிவுகள்:

அ) அவன் கேட்டைத் தாண்டி ஓடினான். கொள்ளி வைத்தான். வேலை போனது. [உங்களுக்குப் பிடிக்கும். மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.]

ஆ) நரசிம்மன் மனம் இரங்கி... [அவரை எனக்குத் தெரியும்.]

இ) அவன் லைனுக்குத் திரும்பினான். ஷிப்ட் முடிந்து வடகால் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் குளித்துவிட்டு ஈரத்தோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அப்பாவு கொள்ளி வைத்திருந்தார். பத்தாம் நாள் கன்னியப்பனின் பெர்மனென்ட் ஆர்டரை நான்தான் அடித்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, "வரேங்க்கா" என்றான். அப்புறம் என்னிடம் லெட்டர் கேட்டு அவன் வரவேயில்லை.

நடந்தது இதுதான். ஆனால் முப்பது வருஷமாக நான் எழுதப் பார்ப்பது நாலாவது முடிவை.

ஈ) காலை பத்தேகால். நாற்காலியைத் தள்ளிவிட்டு நான் எழுந்தேன். "சார், அந்த மார்ச் லெட்டர்

மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அன்றைக்கும் வாய் வரவில்லை.