வெங்காய வைத்தியம்

ஸெத்தாத் ஊர்த் திருவிழா மைதானத்தில், வரிசையாகக் குதிரையில் பாய்ந்து ஒரே நேரத்தில் துப்பாக்கி வெடிக்கும் ஆட்டத்துக்கு ஒத்திகை பார்க்கையில் குதிரை இடறியதும் ஹம்மாதி தலைகுப்புற விழுந்து, பேச்சுமூச்சில்லாமல் கிடந்தான். குதிரைக் குழுவின் தலைவர் பூஅஸ்ஸா வெங்காயத்தை உடைத்து அவன் மூக்கில் திணித்தார். எழுந்து உட்கார்ந்தான்.

"பாத்தியா? உன் பெட்டியத் தூக்கிட்டுக் கிளம்பும்மா," என்றார் பூஅஸ்ஸா, மருத்துவப் பெட்டியோடு ஓடிவந்த நர்ஸ் கிஸ்லானிடம்.

"மூளை குலுங்கியிருக்கு. இன்னிக்கு இவன் குதிரை ஏறக்கூடாது. படுக்கட்டும், பக்கத்துல ஆள் இருக்கணும். வாந்தி எடுத்தா உடனே ஆஸ்பத்திரி."

"ஒரு சொட்டு ரத்தமில்ல, பெருசாப் பேச வந்துட்டா! பதினஞ்சு துப்பாக்கியும் ஒண்ணா வெடிக்கணும். ஒண்ணு குறைஞ்சா என் மானம் போயிரும்."

கிஸ்லானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதற்குள் ஹம்மாதி கொம்புக் குடுவையிலிருந்து வெடிமருந்தைத் துப்பாக்கிக் குழலில் கொட்டி, குச்சியால் இடித்து, மடியில் வைத்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். மறுபடி கொம்புக் குடுவையை எடுத்தான்.

"இன்னும் மருந்தே போடல," என்று முனகியபடி அதே குழலுக்குள் கொட்டினான்.

இரட்டை மருந்து வெடித்தால் குழலே சிதறும்; பூஅஸ்ஸாவின் முகம் வெளிறியது. துப்பாக்கியைப் பிடுங்கப் பாய்ந்தார். கிஸ்லான் குறுக்கே கையை நீட்டினாள்.

"ஏன் பதறுறீங்க? நல்லாத்தானே இருக்கான்? வரிசையில உங்களுக்கு வலப்பக்கம் நின்னு, உங்க காதுக்குப் பக்கத்துலதானே வெடிப்பான்? வெங்காயம் மிச்சமிருந்தா பத்திரமா வச்சுக்கோங்க."