அம்மாவின் முதுகுநீர்

அப்பா அம்மாவை, மலையாளத்தார் அக்காவைக் கூப்பிடுவதுபோல, 'சேச்சி' என்று கூப்பிட ஆரம்பித்தது எண்பத்து மூன்றாம் வருட மழையில். "சேச்சி, ஒரு சாயா கிட்டுமா?" என்று கடைக்கு வந்தவர் மாதிரி மரியாதையாகக் கேட்டார். அதுவரை 'ஏய்' என்பதைத் தவிர வேறு எப்படியும் அவளைக் கூப்பிடாத மனுஷன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கு வரவில்லை.

அப்பா சங்கரலிங்கம் கொச்சங்காடி மிளகுக் கிட்டங்கியில் மூட்டை சுமந்தவர். அம்மா மாயம்மாள் அங்கேயே மிளகு புடைத்தவள். எறணாகுளத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் கங்கா என்று ஒருவர், வயதாகும்போது மூளைக்கு என்ன ஆகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். மூளையைத் திறந்து பார்க்க முடியாது, ஆனால் அதைச் சுற்றியிருக்கும் நீர் முதுகெலும்புக்குள்ளும் இறங்குகிறது, மூளையின் ரசாயனமெல்லாம் அதில் கொஞ்சம் கலந்திருக்கும் என்றார். ஞாபகம் தப்பத் தொடங்கியிருந்த அப்பாவிடமிருந்து எடுத்தாகிவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க, ஞாபகம் நன்றாயிருக்கும் வயதானவரின் நீரும் வேண்டியிருந்தது. முதுகில் குத்தினால் கால் விளங்காமல் போகும் என்று ஊரில் ஒருவரும் சம்மதிக்கவில்லை.

அம்மாவுக்கு வெகுநாளாகக் குடலிறக்கம். ஆபரேஷன் என்றாலே காததூரம் ஓடுபவள், முதுகில் மயக்க ஊசி போடும்போது கொஞ்சம் நீர் எடுத்துக்கொள்ளலாமா என்று டாக்டர் கேட்டதும் தலையாட்டிவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் ஒரே கூத்து. அம்மா தன் கல்யாணத்துக்கு வந்தவர்கள் பெயரையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே சோறு வடித்தாள். நான் பிறந்த அன்று பெய்த மழை, அப்பா முதன்முதலில் வாங்கித் தந்த சேலையின் கரை என்று ஒன்றையும் விடவில்லை.

"என்னம்மா பண்றே?"

"நல்லா ஊறட்டும் பேச்சி. உங்கப்பாவுக்குப் போறதுல எதுவும் விட்டுப்போகப்படாது."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கிட்டங்கியில் ஒரு மூட்டை சோடை என்றால் நல்ல மிளகைக் கலந்து சரிக்கட்டுவார்கள். தன் நீரை அப்பாவுக்கு ஏற்றப்போகிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டாக்டரிடம் சொன்னேன்.

ஆபரேஷன் அன்று காலை டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"மாயம்மா, உங்க நீரை அவருக்கு விடமாட்டோம். ரெண்டையும் பக்கத்துல வெச்சு நோக்கறதுக்குத்தான். இதால இப்போ அவருக்குக் குணமாகாது. வேண்டாம்னா சொல்லுங்கோ, ஆபரேஷன் மட்டும் பண்ணிடலாம்."

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது.

"பின்னே யாருக்கு ஆகும்?"

"தெரியலை. பின்னால வரவாளுக்கு ஆகலாம்."

அம்மா என்னைப் பார்த்தாள். "இவளுக்கும் வயசாகுமில்லே," என்றாள். "எடுத்துக்கிடுங்க." பிறகு அழுதாள். நானும்தான்.

ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் வந்து, நாளைக்காலை வரை தலையைத் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா கட்டில் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் சாப்பிட்டதைச் சாயங்காலம் கேட்டால் தெரியாது அவருக்கு. பொழுது சாயும் நேரம் நான் சாயா வாங்கிக்கொண்டு திரும்பியபோது, சத்தம் கேட்டு அம்மா தலையைத் தூக்கினாள்.

அப்பா சட்டென்று அவள் நெற்றியில் கையை வைத்து அழுத்தினார்.

"தூக்கப்படாது சேச்சி. டாக்டரம்மா சொல்லிச்சுல்லே?"

அம்மா என்னைப் பார்த்தாள். "சரிங்க," என்று அவரிடம் சொல்லித் தலையணையில் தலையைச் சாய்த்தாள். அப்பா கையை எடுக்கவில்லை. நான் வாசலிலேயே நின்றேன். சாயாவில் ஆடை படிந்துகொண்டிருந்தது.