அக்கா கல்லில் மாமா பெயர்

மாமா பட்டறைக்குள் வந்தவர் உட்காரக்கூட இல்லை. "அக்கா கல்லறைக் கல்லுல என் பேரை எடுத்துடும்மா" என்றார்.

எனக்குக் கோபம் வர இவ்வளவெல்லாம் தேவையே இல்லை. சாதாரண நாளிலேயே மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். கையிலிருந்த உளியைப் பலகைமேல் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"யாரு மாமா அந்த மகராசி? எப்போ கல்யாணம்?"

"அதெல்லாம் இல்ல. நான் சொல்றதைக் கேளு."

"கேக்க மாட்டேன். அக்கா போய் ரெண்டு வருஷம்கூட ஆகல. அதுக்குள்ள அவ பக்கத்துல இருக்கக் கசக்குதா?"

மாமா பஸ் ஓட்டுகிறவர். நாள் முழுக்கப் பலரிடம் ஏச்சு வாங்கிப் பழகியவர். என் ஏச்சையும் அப்படியே வாங்கிக்கொண்டார். அது என்னை இன்னும் கிளப்பிவிட்டது.

அந்தக் கல்லில் எழுத்து வெட்டியவள் நான், அதுவும் அக்கா உயிரோடு இருக்கும்போதே. டாக்டர்கள் கையை விரித்த பிறகு அவளே இங்கே வந்து, இதோ இந்த ஸ்டூலில் உட்கார்ந்து, தனக்கான கல்லைப் பார்த்து எடுத்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தனியாகப் படுக்கப் பயம். விளக்கை அணைத்ததும் என் கையைத் தேடிப் பிடித்துக்கொள்வாள். "அவர் பேரையும் பக்கத்துல போட்டுடு. எப்படியும் வரப்போறவர்தானே, இடம் பிடிச்சு வைப்போம்" என்றாள். மாமாவும் தலையாட்டினார். நான் வெட்ட வெட்ட, "நல்லா ஆழமா வெட்டுடி, ஓடிப் போயிடப் போறாரு" என்று சிரித்தாள். ஆழமாகத்தான் வெட்டினேன். முடிந்ததும் இரண்டு பெயர்களையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "என்னைத் தனியா விட்டுடாதீங்க" என்றாள். விடமாட்டோம் என்று சொன்னேன்.

"இது என்ன சிலேட்டா மாமா, எச்சில் தொட்டு அழிக்க? எழுத்து எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்குக் கல்லோட முகம் முழுக்கக் கொத்தி இறக்கணும். உங்க பேரு மட்டும் போகாது. அக்கா பேரும் போகும். அவ கை வச்சுப் பாத்த எழுத்து அது."

"என் பேரு இருக்கிற இடத்தை மட்டும் இறக்கினா?"

"பள்ளம் விழும். யாரோ இருந்து எழுந்து போன இடம்னு பாக்கறவங்களுக்கெல்லாம் தெரியும்."

மாமா அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தார். "வாண்டு படிக்கக் கத்துக்கிட்டா" என்றார்.

வாண்டு என் அக்கா மகள். ஒன்றாம் வகுப்பு. கண்ணில் படும் போர்டையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனால் லேசில் வீடு திரும்ப முடியாது.

"போன வாரம் கல்லறைக்குக் கூட்டிட்டுப் போனேன். அம்மா பேரைப் படிச்சா. அப்புறம் என் பேரைப் படிச்சா. 'நீ எப்பப்பா இங்க வருவே?'ன்னு கேட்டா. அன்னிலேருந்து தூங்க மாட்டேங்கறா. நான் கண்ணை மூடினா மூக்குக்குக் கீழ விரலை வச்சுப் பாக்கறா. வேலைக்குக் கிளம்பினா சட்டையைப் பிடிச்சுத் தொங்கறா."

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "கல்லை இங்க கொண்டு வரச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னேன்.

மாமாவின் பெயரைக் கொத்தும்போது கை சரளமாகத்தான் ஓடியது. அக்காவின் பெயருக்கு வந்ததும் நின்றுவிட்டது. அவளைத் திட்டினேன், அழுதேன், மறுபடியும் உளியை எடுத்தேன். பிறகு தண்ணீர் விட்டுத் தேய்க்கத் தேய்க்க, ஒவ்வொரு எழுத்தும் மெலிந்துகொண்டே போய், கடைசியில் ஒரு மயிரிழைக் கோடாக நின்றது. அதையும் தேய்த்தேன்.

வெறும் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த யோசனை வந்தது. அக்காவின் பெயரை அதே இடத்தில் பென்சிலால் எழுதினேன். பக்கத்தில் மாமா இருந்த இடத்தில் என் பெயரை எழுதினேன். கல்யாணம் காட்சி எதுவும் இல்லாதவள். எனக்கென்று தனிக்கல் யார் வைக்கப் போகிறார்கள்? அக்காவுக்குத் துணையும் ஆயிற்று. மனம் லேசானது போல இருந்தது.

மறுநாள் மாமா வாண்டுவைக் கூட்டிவந்தார். அவள் உள்ளங்கையால் கல் முழுவதையும் தடவிப் பார்த்தாள். "அப்பா பேரு போயே போச்சு!" என்று குதித்தாள். மாமா முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது.

பிறகு அவள் விரல் பென்சில் எழுத்துகளுக்கு வந்தது. அம்மா பெயரைப் படித்தாள். அடுத்தது, பட்டறை வாசல் போர்டில் அவள் எத்தனையோ தடவை படித்த பெயர். விரல் பாதியில் நின்றது.

"சித்தி, நீயும் போகப் போறியா?"

அவள் ஸ்டூல்மேல் ஏறி நின்று, என் மூக்குக்குக் கீழே விரலை வைத்தாள்.

ஈரத்துணியை எடுத்து எல்லாவற்றையும் துடைத்தேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அக்காவின் பெயரைக் கல்லின் நடுவில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், பெரிதாக வரைந்தேன்.

"இப்ப வேற யாருக்கும் இடம் இல்லையே?" என்று கேட்டாள்.

"இல்லடி."

அப்படியே வெட்டி, கொண்டுபோய் வைத்தாயிற்று. வாண்டு இப்போதெல்லாம் அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறாளாம். எனக்குத்தான் விளக்கை அணைத்தால், பக்கத்தில் யாரோ என் கையைத் தேடுவது போல இருக்கிறது.