ஒன்பதாவது கேள்வி

ஒன்பதாவது கேள்விக்கு ஓசெல்லா இருபத்தாறு வருடமாக ஒரே பதிலைத்தான் எழுதிவந்தாள். 'குற்ற வழக்கில் தண்டனை பெற்றதுண்டா?' இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முடிதிருத்தும் லைசென்ஸைப் புதுப்பிக்கும்போது அந்த இடத்தில் மட்டும் பேனா கொஞ்சம் அழுத்திப் பதியும்.

பத்தொன்பது வயதில், அப்போது உடனிருந்தவனின் காரை ஓட்டிக்கொண்டு போனாள். சீட்டுக்கு அடியில் அவன் வைத்திருந்த போதைப்பொருள் பொட்டலத்துக்காக இரண்டு வருடம் நான்கு மாதம் சிறையில் இருந்தாள். முடிவெட்டக் கற்றதும் அங்கேதான். வெளியே வந்தபோது, தண்டனை பெற்றவர்களுக்கு மாநில முடிதிருத்துவோர் வாரியம் லைசென்ஸ் கொடுப்பதில்லை. பொய் எழுதினாள். சரிபார்க்க யாரும் இல்லை.

மிசிசிப்பி ஆற்றங்கரையோரம் அவள் வேலை பார்த்த இரண்டு நாற்காலிக் கடை ரூஃபஸுடையது; மற்ற நாற்காலியில் அவனே முடிவெட்டினான். விஷயம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். வசந்தத்தில் ஒருநாள் பேப்பரை மடித்துக்கொண்டு வந்தான்.

"ஸெல்லா, இதக் கேளு. பழைய தண்டனை இருந்தாலும் இனிமே லைசென்ஸுக்குத் தடையில்லையாம். உனக்குன்னே எழுதின மாதிரி இருக்கு."

"எனக்குன்னு கவர்மென்ட் எழுதினது ஒண்ணே ஒண்ணுதான். கைதி நம்பர்."

"வாயப் பாரு! புதுப்பிக்கிற காகிதம் வந்திருக்கில்ல? இந்தத் தடவையாச்சும் உள்ளத எழுது. எத்தனை நாளைக்கு இந்தக் கல்லச் சுமப்ப?"

மூன்று நாள் யோசித்தாள். பழைய கவர் ஒன்றின் பின்பக்கம் கோடு போட்டு, எழுதலாம் என்பதற்கு ஒரு பக்கமும் வேண்டாம் என்பதற்கு மறுபக்கமும் காரணங்களைக் குறித்தாள். வேண்டாம் என்ற பக்கத்தில் 'பயம்' என்பதைத் தவிர எதுவும் தோன்றவில்லை. 'ஆம்' என்று எழுதி, நீதிமன்றம், வருடம், சிறை எல்லாவற்றையும் தனித்தாளில் இணைத்து அனுப்பினாள். அன்று மத்தியானம் ரூஃபஸின் பங்கு வறுத்த மீனையும் அவளே தின்று தீர்த்தாள்.

ஐந்து வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. இரண்டு மணிக்குச் சர்ச் ஊழியரான டீக்கன் பர்விஸின் மகளுக்குக் கல்யாணம். ஓசெல்லா அவருடைய இடக் கன்னத்தை வழித்து முடித்திருந்தாள். வலக் கன்னத்தில் நுரை. அப்போது வாரியத்தின் ஆய்வாளர் அம்மாள் உள்ளே வந்தாள். வழக்கமாகக் கிருமிநாசினியில் சீப்புகள் ஊறும் ஜாடியைத்தான் முதலில் பார்ப்பாள். இன்று பார்க்கவில்லை. பெயரைக் கேட்டு உறுதி செய்துகொண்டு ஒரு கடிதத்தை நீட்டினாள். லைசென்ஸ் ரத்து.

"பழைய தண்டனைக்காகவா மேடம்? சட்டந்தான் மாறிடுச்சே!" என்றான் ரூஃபஸ்.

"தண்டனைக்கு இல்ல. அத வாரியம் கண்டுக்கவே இல்ல. பதிமூணு தடவை சத்தியம் பண்ணி 'இல்ல'ன்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. புதுச் சட்டம் பொய்ய மன்னிக்கல."

"இப்ப நானா உண்மையச் சொன்னதாலதானே உங்களுக்குத் தெரிஞ்சுது?" என்றாள் ஓசெல்லா.

"ஆமாம்மா." அந்தக் குரலில் கோபம் எதுவும் இல்லை. "அப்பீல் பண்ண முப்பது நாள் இருக்கு. ஆனா இந்த நிமிஷத்துலேர்ந்து யாரையும் தொடக் கூடாது."

டீக்கன் நுரையோடு திரும்பினார். "பாதி மூஞ்சியோடவா நான் பொண்ணக் கூட்டிக்கிட்டு சர்ச்சுக்குள்ள நடக்கிறது? தங்கச்சி இத முடிச்சிடட்டும், மேடம்."

"முடிச்சா கடை லைசென்ஸும் போயிடும்."

ஓசெல்லா ரூஃபஸைப் பார்த்தாள். அவன் குழாயைத் திறந்து கை கழுவத் தொடங்கியிருந்தான்.

"டீக்கனய்யா, அந்த நாற்காலிக்குப் போங்க," என்றாள்.

அவர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார்.

"எழுந்திருங்கய்யா. நுரை காயுது."

கழுத்துத் துணியோடு அவர் இடம் மாறினார். ஆய்வாளர் சுவரில் மாட்டியிருந்த லைசென்ஸ் ஃப்ரேமைக் கழற்றி, ஓசெல்லாவின் படம் ஒட்டிய தாளை உருவினாள். ரூஃபஸ் கத்தியை எடுத்தான்.

"ஸெல்லா, நான்தான் உன்னைய..."

"பேசாத. கத்தியப் பாத்து இழு."

கத்தி வழுக்கியது. தாடையின் கீழே ஒரு சொட்டு ரத்தம் துளிர்த்தது. யோசிக்காமலே ஓசெல்லா படிகாரக் கட்டியை எடுத்துக்கொண்டு இரண்டடி வைத்துவிட்டாள்.

"அம்மா," என்றாள் ஆய்வாளர்.

ஓசெல்லா நின்றாள். படிகாரத்தை ரூஃபஸின் பக்கத்துத் தட்டில், அவன் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துவிட்டுத் தன் மேலங்கியின் பித்தான்களைக் கழற்றத் தொடங்கினாள்.